வாசகர் கேள்வி – பதில்: சிரித்துவிட்டால் அப்பாவை மறந்துவிட்டதாகப் பொருளா?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஏதோ பேசிவைத்துக்கொண்டு எழுதியவை போல, ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. தாயோ தந்தையோ மறைந்த பிறகு வீட்டின் அன்றாடத்தை, அதிலும் குறிப்பாக ஓய்வு நேரத்தை, எப்படிக் கழிப்பது என்பதே அந்தப் பொருள். வேலை நாளில் துக்கத்தைத் தள்ளிப்போட ஆயிரம் காரணங்கள் கிடைத்துவிடுகின்றன. செய்வதற்கு ஒன்றுமில்லாத ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கங்களை இக்கடிதங்களுக்கே தருகிறேன். எழுதியவர்களின் பெயர், ஊர் முதலியவற்றை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: அப்பா இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் பிள்ளைகளோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது என் மகன் அழுகுணி ஆட்டம் ஆடி, ஒரு சீட்டை மடியில் மறைத்துக்கொண்டான். அதைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்பாவும் அதே போலத்தான் மறைப்பார். சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சில் யாரோ ஓங்கி அடித்தது போல் இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன். பிள்ளைகளும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டை யாரும் எடுக்கவில்லை. ஏழே மாதத்தில் இப்படிச் சிரிக்கலாமா? துக்கம் ஐந்து படிகளாக வந்து முடியும் என்று எங்கோ படித்தேன். நான் எந்தப் படியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

பதில்: நீங்கள் எந்தப் படியிலும் இல்லை, ஏனென்றால் அப்படி ஏறி முடிக்க வேண்டிய படிகள் இல்லை. பரவலாகப் பேசப்படும் அந்த ஐந்து படிகள், எலிசபெத் கூப்ளர்-ரோஸ் என்ற மனநல மருத்துவர் 1969 ஆம் ஆண்டில் எழுதிய நூலிலிருந்து வந்தவை. அவர் உட்கார்ந்து பேசியது, தங்கள் முடிவு நெருங்கிவிட்டதை அறிந்திருந்த நோயாளிகளிடம். சாகப்போகிறவர்களின் மனநிலையை விளக்கவந்த அந்த வரிசை, பின்னால் உற்றாரை இழந்தவர்களுக்கும் அப்படியே மாட்டிவிடப்பட்டது. அளவு பார்க்காமல் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, ‘எனக்கு ஏன் பொருந்தவில்லை?’ என்று கவலைப்படும் நிலைக்கு அது பலரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பது என் எண்ணம்.

உங்கள் சீட்டாட்ட மாலையை இதைவிடச் சரியாக விளக்கும் கருத்து ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஸ்குட்டும் 1999 இல் அதை முன்வைத்தார்கள். இழந்தவரின் மனம் ஒரு பக்கம் இழப்பை நோக்கியும், மறு பக்கம் வாழ்ந்தாக வேண்டிய வாழ்க்கையை நோக்கியும் ஊஞ்சல் போல மாறி மாறிப் போய்வருகிறது என்றும், இந்தப் போய்வருதலே மனிதனைத் தாக்குப்பிடிக்கச் செய்கிறது என்றும் அவர்கள் கூறினார்கள். துக்கத்திலிருந்து சிறிது நேரம் விலகியிருப்பதும் துக்கத்தைக் கையாள்வதன் ஒரு பகுதியே. அதற்கு ஓய்வு என்று பெயரே தவிர, துரோகம் என்று பெயர் இல்லை. உங்கள் ஊஞ்சல் ஒரே நிமிடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனதால் தலை சுற்றியது, அவ்வளவுதான்.

சிரிப்பைப் பற்றியே ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். டேக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆனவர்களிடம் இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி, அவர்களுடைய முகங்களைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பேச்சின் நடுவே கண்கள் சுருங்க உண்மையாகச் சிரித்தவர்களிடம் மனவேதனை குறைவாகவும், சுற்றியுள்ளவர்களுடனான உறவு சுமுகமாகவும் இருந்தது. ஆறு மாதத்தில் அவர்கள் சிரித்தார்கள் என்றால் ஏழு மாதத்தில் நீங்கள் சிரித்ததற்கு விளக்கம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை; உங்களுக்கும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று அப்பாவின் நினைவு உங்களுக்கு வந்த வழியே அந்தச் சிரிப்புதான். சிரிப்பு அப்பாவை மறக்கச் செய்துவிட்டதாக நீங்கள் வருந்துகிறீர்கள். உண்மையில் உங்கள் மகனின் மடியில் ஒளிந்திருந்த அந்த ஒரு சீட்டு, படுக்கையில் கிடந்த நோயாளியாகவே ஏழு மாதங்களாக நினைவில் நின்றுபோன மனிதரை, அழுகுணி ஆட்டம் ஆடும் பழைய ஆளாக மறுபடியும் உங்கள் முன் உட்கார வைத்தது. (அவர் நோயுற்று இறந்தார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இறுதி நாட்களின் தோற்றம் முந்தைய ஆண்டுகளை மறைத்துக்கொண்டு நிற்பது, எனக்கு எழுதுபவர்களில் பலர் சொல்லும் குறை.)

நான் கவலைப்படுவது உங்கள் பிள்ளைகளைப் பற்றித்தான். அம்மா சிரித்தாள், உடனே முகம் மாறியது, எழுந்து போய்விட்டாள் என்பதை மட்டுமே அவர்கள் பார்த்தார்கள். காரணம் சொல்லப்படாத இடத்தில் பிள்ளைகள் தாமாக ஒரு காரணத்தை வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது ‘நாம் ஏதோ தப்புச் செய்துவிட்டோம்’ என்பதாகவே இருக்கும். ஆகவே இந்த வாரமே நீங்களாகச் சீட்டுக்கட்டை எடுத்து வந்து, தாத்தா எப்படி ஏமாற்றுவார், யாரிடம் பிடிபட்டார், பிடிபட்டதும் என்ன சொல்லிச் சமாளித்தார் என்பதைச் சொல்லுங்கள். நடுவில் கண் கலங்கினால் கலங்கட்டும். ஆட்டத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அம்மாவின் கைபேசி எண்ணை என் கைபேசியிலிருந்து நீக்க மனம் வரவில்லை. அவர் அனுப்பிய குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. இரவில் அவ்வப்போது கேட்பேன். இது தவறான பழக்கமா? என் கணவர் ‘அழித்துவிடு, இல்லையென்றால் மீளமாட்டாய்’ என்கிறார்.

பதில்: எண் இருந்துவிட்டுப் போகட்டும்; அதனால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் அந்தக் குரல் பதிவுகள் கைபேசியில் இருக்கின்றன என்று நம்பி உட்கார்ந்திருப்பதுதான் தவறு. வாட்ஸ்அப் கணக்கு 120 நாட்கள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். அந்த நாளில் குடும்பக் குழுவில், அம்மா குழுவை விட்டு வெளியேறிவிட்டார் என்ற பொருளில் ஒரு வரி தானாகவே தோன்றக்கூடும். முன்கூட்டியே தெரியாதவர்களை அந்த ஒரு வரி இரண்டாம் முறை இழவு விழுந்தது போல ஆட்டிவைத்துவிடுகிறது. அந்த எண்ணையும் தொலைபேசி நிறுவனம் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பிறகு ஒரு நாள் ‘அம்மா’ என்ற பெயருக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவருடைய படம் இருக்கும். கூகுள் கணக்காக இருந்தால், இரண்டு ஆண்டுகள் யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறை 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதில் அவர் எடுத்த படங்கள் இருந்தால் அவையும் சேர்ந்தே போகும்.

உங்களிடம் வந்து சேர்ந்த பதிவுகள் உங்கள் கைபேசியில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கைபேசி ஒரு நாள் கீழே விழும், தண்ணீரில் நனையும், மாற்றப்படும். எனவே ஒவ்வொரு பதிவையும் தனிக் கோப்பாக வெளியே எடுத்து, தேதியும் எதைப் பற்றிய பேச்சு என்பதும் விளங்கும்படி பெயரிட்டு, இரண்டு வெவ்வேறு கருவிகளிலும், வீட்டுக்கு வெளியே வேறொரு இடத்திலும் வையுங்கள். உடன்பிறந்தவர்களிடம் ஒரு படி இருந்தால் அதுவே அந்த மூன்றாவது இடம் ஆகிவிடும்.

கேட்பது தவறான பழக்கமா என்றால், கேட்டு முடித்தபின் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. கேட்டு, கொஞ்சம் அழுது, தூங்கிவிடுகிறீர்கள் என்றால் உங்கள் கணவர் கவலைப்பட ஒன்றுமில்லை. என்னிடம் என் தந்தையின் குரல் மொத்தம் பதினொரு விநாடிதான் இருக்கிறது. வாழ்த்தோ ஆசியோ எதுவும் அதில் இல்லை. ‘டார்ச் லைட்டை எடுத்த இடத்தில் வை என்று எத்தனை தடவை சொல்வது’ என்ற அதட்டலும், பின்னால் ஓர் அலமாரிக் கதவு சாத்தப்படும் ஓசையும் மட்டுமே. யாரோ எதையோ பதிவு செய்யப்போன இடத்தில் தவறுதலாகச் சிக்கிய குரல் அது. திட்டமிட்டு எடுத்த எந்தப் படத்தையும்விட அதில்தான் அவர் முழுசாக இருக்கிறார். டார்ச் லைட் இன்றைக்கும் எங்கள் வீட்டில் எடுத்த இடத்தில் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: அப்பா போனதிலிருந்து என் அண்ணன் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். விடுமுறை முழுவதும் அப்பாவின் பழைய மிதிவண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறதம்மா. அப்பாவைப் பற்றிப் பேசாத அந்த மனிதர், விடுமுறை முழுவதும் அப்பாவின் மிதிவண்டியோடுதான் இருக்கிறார்.

துக்கத்தைக் கண்ணீராலும் பேச்சாலும் கடப்பவர்கள் ஒரு வகை. கைவேலையாலும் காரியத்தாலும் கடப்பவர்கள் இன்னொரு வகை என்று கென்னத் டோகா, டெரி மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஆண்கள் இப்படி, பெண்கள் அப்படி என்று இதை எளிதாக்கிவிட முடியாது என்பதையும், பெரும்பாலோர் இரண்டின் கலவையே என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொற்களால் செய்வதை அவர் திருப்புளியால் செய்கிறார். அடுத்த முறை பேச்சை எடுக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கழற்றிய மரைகளை ஒரு கிண்ணத்தில் பொறுக்கிப் போடுங்கள். ‘இந்தச் சங்கிலி எத்தனை தடவை கழன்றிருக்கும்?’ என்று மட்டும் கேளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாதவர்கள், இருவருடைய கண்களும் மூன்றாவது ஒரு பொருளின் மேல் இருக்கும்போது பேசிவிடுவதுண்டு. பேசாவிட்டாலும் பாதகமில்லை; வண்டி ஓடத் தொடங்கிவிடும்.

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்து வயது. பாட்டி மேல் உயிராக இருந்தவள். பாட்டி தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி வைத்தோம். இப்போது பொம்மையைப் படுக்க வைத்து, ‘பாட்டி செத்துப்போச்சு’ என்று விளையாடுகிறாள்; அடுத்த நிமிடமே பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். பார்க்கவே பயமாக இருக்கிறது. அந்த விளையாட்டைத் தடுக்க வேண்டுமா?

பதில்: தடுக்கவே வேண்டாம். நிறுத்த வேண்டியது ‘தூங்குகிறார்’ என்ற சொல்லைத்தான். தூங்குகிறவர் எழுந்துவிடுவார் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். எழவில்லை என்றால் தானும் தூங்கப்போகப் பயப்படுவாள், அல்லது அம்மா கண் மூடும்போதெல்லாம் தட்டி எழுப்புவாள். ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்பதும் இதே போலத்தான்; என்னிடம் சொல்லிக்கொள்ளாமலா போனார் என்ற ஏக்கம் மிஞ்சும்.

மரியா நாகி என்ற உளவியலாளர் புடாபெஸ்ட் நகரத்துப் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வரையவும் சொல்லிக் கேட்டறிந்து 1948 இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறிய பிள்ளைகள் சாவை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ, அதாவது திரும்பி வரக்கூடிய ஒன்றாகவே, எண்ணுவதைக் கண்டார். இறந்தவர் திரும்பமாட்டார், அவர் உடல் இயங்காது, எல்லாருக்கும் ஒரு நாள் இது நேரும் என்ற மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில்தான் ஏறத்தாழ விளங்குகின்றன. உங்கள் மகள் அந்த வாசலில் நிற்கிறாள். பொம்மையைப் படுக்க வைத்துப் பார்ப்பது அவளுடைய பாடம். திரும்பத் திரும்பச் செய்துதான் அதைப் படிக்க முடியும்.

பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவது குறித்தும் கலங்காதீர்கள். பெரியவர்களுக்குத் துக்கம் ஆறு மாதிரி என்றால் குழந்தைகளுக்கு அது வழியில் கிடக்கும் சிறு குட்டை மாதிரி. உள்ளே குதிப்பார்கள், நனைவார்கள், உடனே வெளியே தாவிவிடுவார்கள். அவள் மறுபடியும் பொம்மையைப் படுக்க வைக்கும்போது நீங்களும் தரையில் உட்கார்ந்து, ‘ஆமாம் கண்ணு, பாட்டி செத்துப்போயிட்டாங்க. அவங்க உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு. இனிமே வர மாட்டாங்க. எனக்கும் அழுகையா வருது’ என்று அவள் மொழியிலேயே சொல்லுங்கள். ‘நீயும் செத்துப்போவியா?’ என்று கட்டாயம் கேட்பாள். பொய்ச் சத்தியம் செய்ய வேண்டாம். ரொம்ப ரொம்ப நாள் உன்னோடு இருக்கத்தான் எண்ணியிருக்கிறேன் என்பது போதும்.

கேள்வி: அம்மா இறந்து ஐந்து மாதங்கள்தான் ஆகின்றன. அறுபத்தெட்டு வயதான என் அப்பா சதுரங்கக் கழகத்தில் சேர்ந்துவிட்டார். வாரம் மூன்று மாலை போகிறார். சிரித்த முகத்துடன் திரும்புகிறார். உறவினர்கள் ஜாடையாகப் பேசுகிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆத்திரமாக வருகிறது. எங்களோடு எங்காவது வெளியே வாருங்கள் என்றால் மட்டும் மறுத்துவிடுகிறார்.

பதில்: உங்கள் ஆத்திரத்தை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. அதை மறைத்துக்கொண்டு அப்பாவின் உடல்நலத்தைப் பற்றி எழுதுகிறவர்களே அதிகம்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்கிறேன். பிரிட்டனில் 1957 ஆம் ஆண்டில் மனைவியை இழந்த, ஐம்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களை காலின் மரே பார்க்ஸும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 1969 இல் வெளியிட்டார்கள். மனைவி இறந்த முதல் ஆறு மாதங்களுக்குள் அவர்களில் 213 பேர் இறந்துபோனார்கள். அதே வயதுடைய மணமான ஆண்களிடம் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட இது 40 விழுக்காடு அதிகம். அந்த ஆபத்து பின்னர் படிப்படியாகக் குறைந்தது. உங்கள் அப்பா இருப்பது அந்த முதல் ஆறு மாதத்திற்குள். அவர் வாரம் மூன்று முறை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார் என்பதைவிட நல்ல செய்தி இப்போதைக்கு உங்கள் வீட்டில் வேறு இருக்க முடியாது.

குடும்பத்தோடு வெளியே வர மறுப்பதற்கும் காரணம் விளங்குகிறது. உங்களோடு வந்தால் காரில் அம்மா உட்கார்ந்த இடம் காலியாக இருக்கும்; யார் சிரித்தாலும் மற்றவர் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வார்கள். சதுரங்கப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கோ உங்கள் அம்மா யாரென்றே தெரியாது. அங்கே அவர் மனைவியை இழந்தவர் அல்லர். குதிரையை எங்கே நகர்த்துவது என்று யோசிக்கும் ஓர் ஆட்டக்காரர். இரண்டு மணி நேரம் அப்படி இருக்க முடிவதால்தான், மீதி நேரம் அந்த வீட்டில் அவரால் இருக்க முடிகிறது. விடிகாலையில் அவர் எத்தனை மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

உறவினர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அப்பாவிடம் மட்டும் ஒரு மாலை, ‘எனக்கும் ஆடக் கற்றுக்கொடுங்கள்’ என்று கேளுங்கள். தோற்றுப்போக ஆயத்தமாகப் போங்கள்.

கேள்வி: அம்மா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய அறையை நான் இன்னும் திறக்கவில்லை. பாட்டுக் கேட்பது, படிப்பது என எனக்குப் பிடித்த எதையும் அன்றிலிருந்து செய்வதில்லை. இழந்தவர்களை விட்டுவிலகிப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். அது என்னால் முடியவில்லை.

பதில்: விட்டுவிலகத் தேவையில்லை; இதை அழுத்தமாகச் சொல்கிறேன். இறந்தவரிடமிருந்து மனத்தைப் பிரித்தெடுப்பதே துக்கத்தின் வேலை என்று 1917 இல் எழுதியவர் சிக்மண்ட் பிராய்ட். 1920 இல் அவருடைய மகள் சோபி இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்திருந்தால் முப்பத்தாறு வயது நிறைந்திருக்கும் 1929 ஏப்ரல் நாள் ஒன்றில், மகனை இழந்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் முழுமையாக நிரப்பாது, அப்படி இருப்பதே சரி என்ற கருத்தைத்தான் அதே பிராய்ட் சொன்னார். உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்பதை 1996 இலிருந்து ஆய்வாளர்களும் வலியுறுத்தி வருகிறார்கள். அம்மாவை வைத்துக்கொண்டே பாட்டுக் கேட்கலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் அறை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பாட்டு நின்றுபோனதே பெரிதாகத் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் இப்போது தனி ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 2022 இல் அதைச் சேர்த்தது. முன்னது குறைந்தது ஆறு மாதங்களையும், பின்னது பெரியவர்களுக்கு ஓர் ஆண்டையும் எல்லையாக வைக்கின்றன. நாள் மட்டும் கணக்கு அல்ல. ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் கடுமையான ஏக்கம், தன்னில் ஒரு பாதி செத்துவிட்டது போன்ற உணர்வு, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை வாழ்க்கையை முடக்கிப்போட்டிருக்கின்றனவா என்பதே கேள்வி. உங்களுக்கு அப்படித்தான் என்றால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்றே வகுக்கப்பட்ட பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, அது பலருக்குப் பலன் தருகிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருமானால் இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அறைச் சாவி அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்குப் புகைப்படம் எடுப்பது பொழுதுபோக்கு. பெட்டி பெட்டியாகப் படங்களும் நெகட்டிவ்களும் விட்டுச்சென்றிருக்கிறார். பல படங்கள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. வரும் விடுமுறையில் குடும்பமாக உட்கார்ந்து சரிசெய்யலாம் என்று எண்ணம். எப்படித் தொடங்குவது? ஒரே வருத்தம், எடுத்தவர் அவர் என்பதால் ஒரு படத்திலும் அவர் இல்லை.

பதில்: நல்ல விடுமுறை. ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு மாலைக்கு ஒரு பெட்டி போதும்.

பிசுபிசுப்பான தாளும் மேலே ஒளிபுகும் உறையும் கொண்ட ஆல்பங்கள்தான் படங்களுக்குப் பெரிய எதிரி. அவற்றிலிருந்து படத்தை விரலால் பிய்க்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையே நுழைத்து, மெதுவாக அறுப்பது போல நகர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்துகொள்ளலாம். சாதாரண அளவுப் படங்களுக்கு ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவு தாராளம். நெகட்டிவ் இருந்தால் அதிலிருந்து எடுப்பதே மேல். அச்சிட்ட படத்தில் இல்லாத நுணுக்கங்கள் அதில் இருக்கும். ஏதாவது ஒரு பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அந்தச் சுருள்கள் சிதையத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த வாயு பக்கத்திலுள்ள சுருள்களையும் கெடுக்கும். உடனே பிரித்து வைத்து அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மீதியை வெயிலும் ஈரமும் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள், பரணில் வேண்டாம்.

படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள். மை மறுபக்கம் ஊறும், அழுத்தம் முகத்தில் தடமாகத் தெரியும். பழைய காகிதப் படங்களில் மென்மையான பென்சில் போதும். பிற்காலத்து வழவழப்பான படங்களில் பென்சில் பதியாது, அவற்றை ஓர் உறையில் போட்டு உறையின் மேல் எழுதுங்கள். குடும்பத்தில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்துச் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘இது யார்?’ என்ற கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்.

உங்கள் அப்பா ஒரு படத்திலும் இல்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கேமராவில் படம் எடுப்பவர்கள், வெளிச்சம் எதிரே இருப்பவர் முகத்தில் விழ வேண்டும் என்பதற்காகச் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பது வழக்கம். காலையிலும் மாலையிலும் எடுத்த படங்களின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். சிறு வயதில் நீங்கள் கண்ணைக் கூசிக்கொண்டு நிற்கும் படம் ஒன்றில், உங்கள் கால் வரைக்கும் நீண்டு வந்து, முழங்கைகளை இருபுறமும் விரித்துத் தலையைக் குனிந்தபடி ஒரு நிழல் விழுந்திருக்கக்கூடும். அத்தகைய படங்கள் கிடைத்தால் தனி உறையில் போட்டு, உறையின் மேல் அவருடைய பெயரை எழுதி வையுங்கள்.